ஏறுதழுவல் அச்சுப்படம்: வடசென்னையின் காளை

ஏறுதழுவல் அச்சுப்படம் என்பது சல்லிக்கட்டுக் காளையையும் அதைத் தழுவும் வீரரையும் கருவாகக் கொண்ட வெகுசனப் படவகை. வண்டிக் கண்ணாடியில் ஒட்டுப்படமாக, பனியனில் அச்சாக, தெருமுனையில் பிளக்ஸ் பலகையாக, மன்றச் சுவரில் வண்ண ஓவியமாக இது காணப்படுகிறது. 2017 தை மாத எழுச்சியை ஒட்டித் தமிழகம் முழுவதும் பரவியது. வாடிவாசலோ சல்லிக்கட்டுக் காளை வளர்ப்போ இல்லாத வடசென்னையிலும் வேரூன்றியது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் ஓடும் கண்டெய்னர் லாரிகள், ஆட்டோக்கள், மீன்பாடி வண்டிகள் ஆகியவற்றில் இந்தக் காளையைக் காணலாம்.

வரைந்தவரின் கையொப்பம் இல்லை, கலைக்கூடத்தில் இடம் இல்லை என்பதால் இப்படவகை கலை விமர்சனத்தில் பெரிதாகப் பேசப்பட்டதில்லை. ஆனால் பாப் கலை என்று உலகம் அழைப்பது ஏறத்தாழ இதைத்தான். 1956இல் ரிச்சர்டு ஹாமில்டன் லண்டனில் விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டி ஓர் ஒட்டுச்சித்திரம் செய்தார். 1962 முதல் ஆண்டி வார்ஹோல் நியூயார்க்கில் பத்திரிகைப் படங்களைப் பட்டுத்திரை அச்சில் மீண்டும் மீண்டும் பதித்தார். கடைத்தெருவின் படமும் கடைத்தெருவின் அச்சு முறையும் சேர்ந்து கலையாயின. தமிழ்க் காளைப் படம் கடைத்தெருவை விட்டு வெளியே வரவே இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. அதைக் குறையாகவும் சொல்லலாம், நேர்மையாகவும் சொல்லலாம்.

கத்தியும் திரையும்

இப்படவகையின் உருவத்தைத் தீர்மானித்தவை கருவிகள். முதலாவது, ரேடியம் ஸ்டிக்கர் கடையின் வெட்டுக்கருவி. கணினியில் வரைந்த எல்லைக்கோட்டின் மேல் சிறு கத்தி ஓடி, நிறமூட்டிய பிளாஸ்டிக் தாளை வெட்டுகிறது. வேண்டாத பகுதியை ஊழியர் நகத்தால் உரித்தெடுக்கிறார். எஞ்சிய உருவம் கண்ணாடிக்கு மாற்றப்படுகிறது. இம்முறையில் மெல்லிய கோடுகள் நிற்பதில்லை. உரிக்கும்போதே பிய்ந்துவிடும், அல்லது வெயிலில் சுருண்டு எழும். ஆகவே கயிறு, மயிர், விரல், கண் எல்லாம் விடுபடுகின்றன. காளையின் முதுகும் அதில் தொங்கும் மனிதனும் ஒரே கறுப்புத் துண்டாகவோ வெள்ளைத் துண்டாகவோ ஒன்றிவிடுகின்றனர்.

பனியன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சட்டம், தனித் திரை வேண்டும். நிறம் கூடினால் செலவு கூடும். கறுப்புத் துணியில் வெள்ளை, அதிகம் போனால் ஒரு சிவப்பு என்பது அழகியல் முடிவு போலத் தோன்றினாலும் அடிப்படையில் விலைக் கணக்கு. பிளக்ஸ் பலகைக்கு இந்தத் தடைகள் ஏதுமில்லை. அங்கே காளையைச் சுற்றித் தீப்பிழம்பு, புழுதி, பறை, பாரதியின் முண்டாசு, திருவள்ளுவர், பேனர் வைத்த பன்னிரண்டு பேரின் கடவுச்சீட்டு அளவுப் படங்கள் என அனைத்தும் இடம்பெறும். கலப்பு ஊடகம் என்று ஓவியக் கல்லூரியில் சொல்லப்படுவதை பேனர் வடிவமைப்பாளர் பெயர் சூட்டாமலேயே செய்துகொண்டிருக்கிறார். பெரும்பாலும் மோசமாகவே செய்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். தடையற்ற கருவியைவிடத் தடையுள்ள கருவியே இங்கு நல்ல படங்களைத் தந்திருக்கிறது.

இரண்டு காளைகள்

நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் இருந்தாலும் இப்படங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று முகக் காளை. நேர்முகமாகப் பார்க்கும் தலை, மேல்நோக்கி வளைந்த கொம்புகள், சுருங்கிய கண்கள், மூக்கிலிருந்து சீறும் புகை. மற்றது தழுவல் காளை. பக்கவாட்டில் பாயும் முழு உருவம், திமிலைக் கட்டிப்பிடித்துக் காற்றில் மிதக்கும் மனிதன்.

முகக் காளையின் மூதாதை வாடிவாசலில் இல்லை. 1966இல் உருவான சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் சின்னம், உலகச் சந்தையில் தொப்பியிலும் பனியனிலும் வந்து சேர்ந்த அந்தச் சிவப்பு முகம்தான் அதன் நேரடி முன்மாதிரி. சீற்றம் மட்டுமே அதன் உள்ளடக்கம். முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் அது இழப்பது திமிலை. சல்லிக்கட்டின் விதி முழுவதும் திமிலில்தான் இருக்கிறது. கொம்பையோ வாலையோ காலையோ பிடிக்கக்கூடாது. திமிலைத் தழுவி, குறிப்பிட்ட தொலைவு அல்லது மூன்று துள்ளல் வரை விடாமல் செல்லவேண்டும். புலிக்குளம், காங்கேயம் போன்ற நாட்டு இனங்களின் அடையாளமே அந்தத் திமில். ஸ்பெயினின் போர்க்காளைக்குக் கழுத்துத் தசை திரண்டிருக்கும், திமில் கிடையாது. திமில் இல்லாத காளையைத் தழுவ இடமில்லை, குத்திக் கொல்லத்தான் முடியும்.

சிவப்பு நிறமும் அப்படியே. சல்லிக்கட்டில் சிவப்புத் துணிக்கு வேலையில்லை. அது ஸ்பானிய மல்லனின் கையிலிருக்கும் துணி. மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு தனித்துத் தெரிவதும் இல்லை, துணியின் அசைவே அதைச் சீண்டுகிறது. முகக் காளையின் சிவந்த கண்ணும் சிவந்த பின்னணியும் வேறொரு நாட்டின் ஆட்டத்தைத் தமிழ் எழுத்தோடு சேர்த்து விற்கின்றன. தொன்மத்தின் பெயரால் வைக்கப்பட்ட பலகையில் தொன்மத்துக்கு மிக அந்நியமான உருவம் நிற்பது இப்படவகையின் பெரிய முரண்.

தழுவல் காளை வேறு. விரல்கள் விடுபட்டாலும், முகம் இல்லாமல் போனாலும், அதில் ஓர் உறவு இருக்கிறது. மனிதனின் கால்கள் தரையில் இல்லை. அவன் காளையை அடக்கிவிட்டானா, காளை அவனை இழுத்துச் செல்கிறதா என்று படம் சொல்வதில்லை. நல்ல வெட்டுப்படங்களில் மனிதனின் முதுகுக்கோடும் திமிலின் வளைவும் ஒரே கோடாக ஓடும். எங்கே விலங்கு முடிகிறது, எங்கே மனிதன் தொடங்குகிறான் என்று கண் தேடும். கத்தியின் இயலாமையால் வந்த ஒற்றைக் கறுப்பு இங்கே பொருளாக மாறிவிடுகிறது. இப்படவகையின் சாதனை என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்லவேண்டும்.

முன்வடிவங்கள்

காளையும் மனிதனும் மோதும் படத்தை அச்சாகப் பெருக்குவது புதிதல்ல. மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு கல்முத்திரையில், காளை ஒன்றைச் சுற்றி வீசியெறியப்பட்டவர்களாகத் தோன்றும் மனித உருவங்கள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் அதை ஏறுதழுவலோடு ஒப்பிட்டார். அந்த விலங்கு எது, நிகழ்வது என்ன என்பதில் மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனால் ஒன்று உறுதி: முத்திரை என்பதே ஓர் அச்சுப்பாளம். களிமண்ணில் பதித்துப் பதித்துப் பெருக்குவதற்காகச் செதுக்கப்பட்டது. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலை விரிவாகப் பாடுகிறது. அதில் காளைகளுக்குத் தனித்தனி நிறமும் புள்ளியும் சுழியும் உண்டு. குத்துப்பட்டவர்களின் உடல் சிதைவும் மறைக்கப்படுவதில்லை.

ஸ்பெயினில் கோயா 1816இல் காளைப்போர் பற்றி 33 செதுக்கு அச்சுகளை வெளியிட்டார். அவற்றில் ஒன்று, காளை பார்வையாளர் வரிசைக்குள் பாய்ந்து நகரத் தலைவரைக் கொம்பில் ஏந்தி நிற்பதைக் காட்டுகிறது. கடைசி அச்சு புகழ்பெற்ற மல்லன் ஒருவனின் சாவு. கொண்டாட்டத்தை அச்சிட வந்தவர் அச்சத்தையும் சேர்த்து அச்சிட்டார். பிக்காசோ 1945, 1946 ஆண்டுகளில் கல்லச்சில் ஒரே காளையைப் பதினோரு நிலைகளில் குறைத்துக்கொண்டே சென்று, இறுதியில் சில கோடுகளில் நிறுத்தினார்.

ரேடியம் கடைக் காளைக்கு இவற்றைவிட நெருங்கிய உறவு ஆஸ்போர்ன் காளையோடு. 1956இல் மனோலோ பிரியெத்தோ ஒரு பிராந்தி விளம்பரத்துக்காக வரைந்த கரிய நிழலுருவம் அது. ஸ்பெயினின் நெடுஞ்சாலைக் குன்றுகளில் பெரும் பலகைகளாக நின்றது. சாலையோர விளம்பரங்களுக்குத் தடை வந்தபோது எழுத்துகளை அழித்துவிட்டுக் காளையை மட்டும் விட்டுவைத்தார்கள். 1997இல் நீதிமன்றம் அது நிலக்காட்சியின் பகுதியாகிவிட்டது என்று ஏற்றுக்கொண்டது. இன்று ஸ்பானியர்கள் அதைக் கார்களின் பின்புறம் ஒட்டிக்கொள்கிறார்கள். அங்கே விற்பனைப் பொருளின் சின்னம் நாட்டின் சின்னமாயிற்று. இங்கே நடந்தது தலைகீழ். அரசியல் சின்னமாகப் பிறந்தது விற்பனைப் பொருளாயிற்று.

2017 தை

2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 பொங்கலுக்குப் பின் அலங்காநல்லூரிலும், சனவரி 17 முதல் மெரினாவிலும் இளைஞர்கள் கூடினர். சனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. சனவரி 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அதே நாள் காலையில் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. கடற்கரைக் குப்பங்களின் மக்கள் ஓடி வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்தனர். நடுக்குப்பம் மீன் அங்காடி எரிந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழகச் சட்டத்தை ஏற்றது.

தலைவர் இல்லாத கூட்டத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. காளை அந்த இடத்தை நிரப்பியது. சே குவேராவின் படத்தோடு இதை ஒப்பிடலாம். 1960இல் ஆல்பர்ட்டோ கோர்தா எடுத்த புகைப்படத்தை 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் இரண்டு நிறத்துக்குக் குறைத்தபின் அது எந்தச் சுவரிலும் வரையத்தக்கதாயிற்று. வடசென்னைச் சுவர்கள் அந்தப் படத்தை நன்கறிந்தவை. ஆனால் சேவின் படம் எவ்வளவு குறைந்தாலும் ஒரு குறிப்பிட்ட மனிதனின் படம். 2017இன் காளைக்குப் பெயர் இல்லை. வாடிவாசலில் ஒவ்வொரு காளையும் பெயரோடும் ஊரோடும் உரிமையாளர் பெயரோடும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட பிறகே அவிழ்க்கப்படுகிறது. பிடிப்பவனுக்கும் மார்பில் எண் உண்டு. அச்சுப்படம் இரண்டு பெயர்களையும் நீக்கியது. நீக்கியதால்தான் அனைவருக்கும் உரியதாயிற்று.

விடுபட்டவர்

இன்னொருவரும் நீக்கப்பட்டார். சி.சு. செல்லப்பா 1959இல் வெளியிட்ட ‘வாடிவாசல்’ குறுநாவலில் களத்தில் இருப்பவர்கள் மூவர்: காரி என்ற காளை, தன் தந்தையைக் கொன்ற அக்காளையை அணைய வந்த பிச்சி, மேடையில் அமர்ந்திருக்கும் ஜமீன்தார். பிச்சி காரியை அணைந்துவிடுகிறான். தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார். பெருமாள்முருகனின் எழுத்திலும் அப்புபெனின் சித்திரங்களிலும் 2023இல் வரைகதையாகவும் வந்த இக்கதையின் கூர்மை அந்தத் துப்பாக்கியில்தான் இருக்கிறது. ஆட்டம் இருவருக்கிடையில் நடக்கிறது, அதன் பலன் மூன்றாமவருக்குரியது.

அச்சுப்படத்தில் மூன்றாமவர் இல்லை. காளை யாருடையது, களம் யாருடையது, யாருடைய தெருவில் யார் அணையலாம் என்ற கேள்விகள் தென்மாவட்டச் சல்லிக்கட்டில் சாதியோடும் நிலத்தோடும் பிணைந்தவை. நிழலுருவம் அவற்றைத் துடைத்துவிடுகிறது. பாப் கலை எதையும் இப்படித்தான் தட்டையாக்கும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வார்ஹோல் 1966இல் பசுவின் முகத்தைச் சுவர்த்தாளாக அச்சிட்டவர்தான். ஆனால் அவரே அதற்கு முன்பு, பர்மிங்காமில் கறுப்பினப் போராளிகள் மேல் காவல் நாய்கள் ஏவப்பட்ட சார்லஸ் மூரின் புகைப்படங்களைத் திரையச்சில் பதித்தார். அதில் நாயும் உண்டு, நாயின் கயிற்றைப் பிடித்திருப்பவரும் உண்டு. அதே திரை, அதே மை. எதை விடுவது என்பதைக் கருவி முழுமையாகத் தீர்மானிப்பதில்லை.

வடசென்னையில்

வடசென்னை அறிந்த காளை வண்டிக்காளை. துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்கு மூட்டை இழுத்தது. அதன் இடத்தை லாரி எடுத்துக்கொண்டது. அந்த லாரியும் எண்ணூரின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. தையப் மேத்தா மும்பை இறைச்சிக்கூடத்தில் கண்ட காளையைக் கால்கள் கட்டப்பட்ட உருவமாக வாழ்நாள் முழுவதும் வரைந்தார். உழைத்துத் தீர்ந்து கட்டப்பட்டுக் கிடக்கும் அந்தக் காளைதான் துறைமுகப் பகுதிக்கு இயல்பாகப் பொருந்தியிருக்கும். வந்து சேர்ந்தது பாயும் காளை.

அது வேர்பிடித்ததற்குக் காரணம் உண்டு. வடசென்னையின் சொந்த வீரவிளையாட்டு குத்துச்சண்டை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லி மோதிய மரபு அது. பா. இரஞ்சித்தின் 2021ஆம் ஆண்டுத் திரைப்படம் அதை ஊரறியச் செய்தது. உடலை மட்டுமே முதலாகக் கொண்டவன் மேடையேறும் விளையாட்டு என்ற வகையில் குத்துச்சண்டையும் ஏறுதழுவலும் உறவினர்கள்தான். ஆனால் குத்துச்சண்டைச் சுவரொட்டியில் எதிரெதிரே இரு முகங்கள் இருக்கும், இரண்டுக்கும் கீழே பெயர் இருக்கும். ஊர்க்காரர்கள் பெயரைப் பார்த்துத்தான் சீட்டு வாங்குவார்கள். அந்தச் சுவரொட்டியை அறிந்த ஊர் பெயரில்லாத காளையையும் ஏற்றுக்கொண்டது சற்று வியப்புக்குரியது.

இன்னொரு நெருடலும் உண்டு. மாட்டிறைச்சி வடசென்னையின் அன்றாட உணவு. மாலையில் பீப் பகோடா, பீப் பிரியாணி விற்கும் தள்ளுவண்டியைத் தாண்டித்தான் காளை ஒட்டிய ஆட்டோ போகிறது. 2017 சனவரியில் காளை தமிழரின் வீட்டுப்பிள்ளை என்று முழங்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் வந்தன. மதுரை உயர்நீதிமன்றக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாட்டை வளர்ப்பவனும் தழுவுபவனும் உண்பவனும் ஒரே பண்பாட்டில் இருக்கிறார்கள் என்பதை அச்சுப்படம் சொல்லியிருக்க முடியும். அது தழுவுபவனோடு நின்றுகொண்டது.

மெரினா கலைந்த ஐந்தாம் நாள், 2017 சனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் தடித்த சேறாக ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் தன்னார்வலர்களும் பாறைகளில் நின்று வாளிகளில் அள்ளினார்கள். மெரினாவில் காளைப் பனியன் அணிந்த தலைமுறைதான் இங்கும் வரிசையில் நின்று வாளி மாற்றியது. அம்மாதம் 14ஆம் நாள்தான் எண்ணூர் முகத்துவாரத்தின் அழிவைப் பற்றி, கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ வெளியாகியிருந்தது. ஆக பாட்டு இருந்தது, புகைப்படங்கள் இருந்தன, கூட்டம் இருந்தது. அச்சுப்படம் மட்டும் உருவாகவில்லை.

2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் கலந்தபோது மீனவர்கள் படகிலிருந்தபடி மீண்டும் குவளைகளாலும் வாளிகளாலும் அள்ளினர். அந்த நாட்களின் செய்திப்படங்களில் திரும்பத் திரும்ப வரும் உடல்நிலை ஒன்று உண்டு. முன்னோக்கி வளைந்த முதுகு, முழங்கை வரை கறுப்புக்குள் சென்ற கைகள், கை எங்கே முடிகிறது, எண்ணெய் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத ஒற்றைக் கறுப்பு. ரேடியம் கடையின் கத்திக்கு இது மிக எளிய வேலை. திமிலைத் தழுவும் மனிதனை வெட்டிய அதே கோட்டில் வெட்டிவிடலாம், கறுப்புத் தாள் ஒன்றே போதும். அந்த உருவம் வண்டிக் கண்ணாடிகளுக்கு வரவில்லை.